காக்கைச் சோறும் பூனையின் அரிப்பும்

1

அன்று மிருக மருத்துவர் அறையில் இருந்தவர்கள்:

டாக்டர் அம்மாள். அவருக்கு உதவி செய்யும் பெண். என் மகள் கவிதா, வயது பதினேழு. பெப்பர் என்கிற சாம்பல் நிறப் பூனை, வயது ஆறு. நான்.

என் மனைவி சரசு வரவில்லை. அவளுக்கு வேலை நாள். அவள் வராததைத் தனியாகச் சொல்கிறேன். பின்னால் தேவைப்படும்.

திருப்பூரை விட்டு ஹாலந்துக்கு நான் வந்து அன்றோடு பன்னிரண்டு வருடம். காலையில் சரசுதான் ஞாபகப்படுத்தினாள். கேசரி கிண்டுகிறேன் என்றாள். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள் என்று ஊரிலிருந்து கேட்டிருக்கிறார்கள். நான் ஆறாவது வரை படித்தவன். பெரிய சங்கதி தெரியாது. இந்தப் பூனைச் சங்கதி தெரியும். அதை எழுதுகிறேன்.

பெப்பருக்கு இரண்டு வருடமாக அரிப்பு. கழுத்தும் வயிறும் மொட்டை. காதுக்கு முன்னால் புண். பின்னங்காலால் சொறியும். பிறகு நக்கும். நக்கிய இடத்தை மறுபடி சொறியும். ஆறு வாரத்துக்கு ஒரு ஊசி போடுவார்கள். ஒரு மாதம் அடங்கும். பிறகு பழையபடி.

அன்று டாக்டர் ஊசியை எடுக்கவில்லை. பேசினார். பத்து நிமிடம் இருக்கும். கவிதா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். நான் பூனையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த ஊர்ப் பாஷை எனக்குக் கிடங்கு வேலைக்குப் போதும். டாக்டர் பேச்சுக்குப் போதாது.

"என்ன கண்ணு சொல்றாங்க?"

"சாப்பாடு மாத்தணும்ப்பா. முயல் கறி டப்பா. எட்டு வாரம்."

"அத்தன நேரம் பேசுனாங்களே?"

"அவ்வளவுதாம்ப்பா."

பேருந்து நிறுத்தத்தில் வைத்து மீதியைச் சொன்னாள். இனியும் ஊசி போட்டால் பூனைக்குச் சர்க்கரை வியாதி வரும். இப்போதே உடம்பு பெருத்து நிறையத் தண்ணீர் குடிக்கிறது. எட்டு வாரமும் முயல் கறியும் தண்ணீரும் மட்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆகஸ்டில் கவிதா படிப்புக்காக வேறு ஊர் போகிறாள். அங்கே பூனை வைக்க விடமாட்டார்கள்.

"இதுல சரியாகலன்னா தூங்க வெச்சிரலாம்னு சொல்றாங்க."

தூங்க வைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஊசி போட்டுக் கொல்வதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"நான் பாத்துக்கறன் கண்ணு" என்றேன்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாதேப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

2

திருப்பூரில் நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். தைத்து வரும் பீஸை மேசையில் விரித்து ஓட்டை, எண்ணெய்க்கறை, விட்டுப்போன தையல் பார்ப்பது. நல்லதை எண்ணி டஜன் கட்டுவது. எனக்கு எதிரில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த பேச்சியம்மா நிற்பாள்.

கட்டிங் வேஸ்ட் போடும் அறையில் ஒரு வெள்ளைப் பூனை இருந்தது. வெள்ளைத் துணிக் குவியலில் படுத்தால் கண்ணுக்கே தெரியாது. வேஸ்ட் எடுக்க வரும் பாய் தராசில் மூட்டையை ஏற்றுமுன் ஒரு தட்டுத் தட்டுவார்.

"பூனையையும் சேத்து எடை போட்டுப் போடாதீங்க. போன தடவ பாதி வழியில மூட்ட கத்துச்சு. வண்டிக்காரன் எறங்கி ஓடிட்டான்."

அந்தப் பூனைக்கும் அரிப்பு. முதுகில் முடி கிடையாது. உதிர்ந்த முடி பீஸில் ஒட்டும். எக்ஸ்போர்ட் பீஸில் ஒரு முடி இருந்தாலும் தள்ளுபடி.

எண்பத்து மூன்றின் கடைசியில் ஹாலந்திலிருந்து வாங்குகிறவர் வருவதாகச் சொன்னார்கள். கம்பெனிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தரையெல்லாம் பினாயில் போட்டுத் துடைத்தார்கள். மேனேஜர் வந்தார்.

"ஏப்பா, வியாழக்கெழம அவரு வர்றாரு. அந்தச் சொறிப்பூன கண்ணுல படக்கூடாது. ஒண்ணு சுத்தம் பண்ணு. இல்லாட்டி சாக்குல கட்டி நொய்யல் ஆத்துக்கு அக்கட்டால கொண்டுபோயி உட்டுட்டு வா."

சுத்தம் செய்வது என்று நான் முடிவு செய்தேன். தரை துடைத்த வாளியில் பினாயில் தண்ணீர் மீதம் இருந்தது. தரைக்கு நல்லது, பூச்சிக்கு ஆகாது, பூனைக்கும் ஒத்துவரும் என்று நினைத்தேன். ஒரு குவளை பினாயில் கூடவும் விட்டேன்.

பேச்சியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, வேண்டாம். அது நக்கும்லா."

"தண்ணி ஊத்தி அலசிருவன் புள்ள."

"நல்லா அலசும். இல்லன்னா பாவம்."

குளிப்பாட்டி அலசினேன். போதவில்லை. அது செவ்வாய்க்கிழமை. பூனை பகல் முழுக்க உட்கார்ந்து தன்னை நக்கியது. புதன்கிழமை வாயில் எச்சில் ஒழுகியது. கால் நடுங்கியது. வியாழக்கிழமை வாங்குகிறவர் வந்தார். வேஸ்ட் அறை வாசலில் நின்றார். குவியலில் கிடந்த பூனையைக் குனிந்து பார்த்தார். மேனேஜரிடம் ஏதோ சொன்னார். நிறையச் சொன்னார்.

அவர் போனபின் கேட்டேன். "என்னங்க சொன்னாரு?"

"பூன நல்லாருக்குதுன்னாரப்பா. போயி வேலையப் பாரு."

வெள்ளிக்கிழமை காலையில் பூனை விறைத்திருந்தது. தள்ளுபடியான பனியன் ஒன்றில் சுற்றினேன். கம்பெனிக்குப் பின்னால் புதைத்தேன். பேச்சியம்மா அன்று முழுக்க என்னைப் பார்க்காமல் வேலை செய்தாள்.

அந்த வாங்குகிறவர்தான் அடுத்த ஏப்ரலில் என்னை இங்கே கூட்டிவந்தார். அவருடைய கிடங்கில் வந்து இறங்கும் பீஸ்களைச் சரிபார்க்க ஆள் வேண்டியிருந்தது. என் மேசையில் ஒரு ஓட்டையும் தப்பவில்லை என்று மேனேஜர் சொல்லியிருந்தாராம். இரண்டு வருடம் கழித்து சரசுவும் கவிதாவும் வந்தார்கள். பூனையைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. சரசுவிடமும் இல்லை.

3

கவிதா ஒரு நோட்டுப் போட்டாள். மாலை ஆறிலிருந்து ஏழு வரை பெப்பர் எத்தனை தடவை சொறிகிறது என்று எழுத வேண்டும். டாக்டர் கேட்டிருந்தார். ஆனால் அந்த நேரத்தில் கவிதாவுக்குக் கடையில் வேலை.

"நான் எண்றன்" என்றேன்.

"சொறியறதும் எண்ணணும், நக்கறதும் எண்ணணும். ரெண்டு நிமிசம் விட்டு மறுபடி பண்ணினா வேற. சரியா?"

"சரி."

எண்ணுவது எனக்கு வரும். ஐந்து ஐந்தாகக் கோடு போட்டேன். முதல் நாள் நாற்பத்து மூன்று.

மற்ற வேலைகளும் இருந்தன. அது படுக்கும் துணியை வாரம் ஒரு முறை கொதிக்கும் சூட்டில் துவைப்பது. தரைவிரிப்பைத் தினமும் இயந்திரத்தால் உறிஞ்சுவது. பொடிச் சீப்பால் முடியைச் சீவி, உதிர்வதை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டிப் பார்ப்பது. கறுப்புப் பொடி கரைந்து சிவப்பாக ஓடினால் தெள்ளுப்பூச்சி இருக்கிறது. ஓடவில்லை. நகத்தை நுனி மட்டும் வெட்டுவது. இதெல்லாம் நான் செய்தேன். எண்ணெய், மஞ்சள், மருந்துத் தண்ணீர் என்று எதையும் அதன் மேல் நான் போடவில்லை. சரசு வேப்பெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்தாள். பிடுங்கி வைத்துவிட்டேன்.

"அதென்னுங்க, நல்லதுதானுங்களே?"

"அது நக்கும்."

நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டப் புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கொடுத்திருந்தார்கள். அதை மாட்டினால் பெப்பர் கதவில் முட்டியது. கிண்ணத்தில் வாய் எட்டவில்லை. ஒரு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. எனக்குப் பார்க்க முடியவில்லை.

என் பழைய பனியன் ஒன்றை எடுத்தேன். திருப்பூர்த் துணி. உருளையாக ஓடும், பக்கத்தில் தையல் இல்லை. சாயம் ஏறாத வெள்ளை. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகியிருந்தது. பூனையை அளந்தேன். நான்கு கால் ஓட்டை. கழுத்துக்கு ரிப், இழுத்தால் நீளும் பட்டி. அடித்த மடிப்பு தோலில் உரசக்கூடாது என்று வெளிப்பக்கமாக வைத்துத் தைத்தேன். போட்டுவிட்டேன். சரியாக உட்கார்ந்தது. பெப்பர் இரண்டு நிமிடம் செத்த மாதிரி விழுந்து கிடந்தது. பிறகு எழுந்து போய்ச் சாப்பிட்டது.

சரசு வாசலில் நின்று பார்த்தாள்.

"கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு ஜாக்கெட்டுத் தெச்சுக் குடுக்க வருசம் பன்னண்டா நேரமில்ல. பூனைக்கு பனியனாமா, பனியன்."

"உனக்கும் தெச்சுத் தர்றன்."

"வேண்டாஞ் சாமி. அதுக்கு நாலு கையி இருக்கும்."

பன்னிரண்டாம் நாள் நாற்பது. இருபதாம் நாள் முப்பத்தாறு. குறைகிறது என்று கவிதா என் தோளைத் தட்டினாள். அவள் என்னைத் தொட்டு வெகு நாளாகியிருந்தது. அதன் பிறகு எண் நின்றுவிட்டது. முப்பத்தேழு. முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு.

4

அந்த வருடம் தை மாதத்தில் சரசுவின் அம்மா அவிநாசியில் இறந்துவிட்டார். தகவல் தொலைபேசியில் வந்தது. எங்கள் பாஸ்போர்ட் மூன்றும் அப்போது குடியேற்ற அலுவலகத்தில் இருந்தன. தங்கும் அனுமதியை நீட்டிக்கக் கொடுத்திருந்தோம்.

மூன்று பேரும் போனோம். எண் அட்டை எடுத்து உட்கார்ந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர். கவிதா பேசினாள். அவர் தாளைப் புரட்டினார்.

"எப்ப அடக்கம்னு கேக்கறாரு."

"நேத்தே முடிஞ்சுதுன்னு சொல்லு."

சொன்னாள். அவர் ஏதோ சொன்னார்.

"அப்ப அவசரம் இல்லயேன்னு சொல்றாரு."

பதினாறாம் நாள் காரியம் இருக்கிறது என்பதைக் கவிதாவால் அவருக்குச் சொல்ல முடியவில்லை. அவளுக்கே அது சரியாகத் தெரியாது. பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது இருபத்து மூன்று நாள் ஆகிவிட்டது. சரசு அழவில்லை. துணியை மடித்துத் திரும்பப் பீரோவில் வைத்தாள்.

மறுநாளிலிருந்து தினமும் சமைத்ததில் முதல் பிடியை ஒரு தட்டில் எடுத்து, பால்கனியில் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டாள். ஒரு வருடம் வைப்பதாகச் சொன்னாள். அன்று என்ன சமைத்தாளோ அது. பருப்பும் நெய்யும், தயிர்ச் சோறு, ஞாயிறு என்றால் கோழிக் குழம்பு. தட்டை வைத்துவிட்டு அவள் வேலைக்கு ஓடுவாள். மத்தியானம் வந்து பார்த்தால் தட்டு காலி.

"இன்னைக்கும் எடுத்துட்டுதுங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் அவள் சாப்பிடுவாள்.

இங்கேயும் காக்கை உண்டு. சின்னது, கழுத்து சாம்பல். நான் கிடங்குக்குக் காலை ஆறு மணிக்குப் போகிறவன். அது வந்து எடுத்ததை நான் பார்த்ததில்லை. எடுக்கிறது என்றால் எடுக்கிறது என்று இருந்தேன். பால்கனிக் கதவில் பூனை போய்வர ஒரு சிறு துவாரம் உண்டு. அதை நான் யோசிக்கவில்லை. ஓட்டை பார்ப்பதுதான் என் தொழில்.

5

நாற்பத்தோராம் நாள் கவிதாவுக்குக் காய்ச்சல். பள்ளிக்குப் போகவில்லை. எனக்கும் விடுப்பு. சரசுவுக்கு அன்று மத்தியானம்தான் வேலை. மூன்று பேரும் வீட்டில் இருந்தோம்.

கவிதா கத்தினாள். ஓடினோம். பால்கனியில் பனியன் போட்ட பெப்பர் தட்டை நக்கிக்கொண்டிருந்தது. அன்று தயிர்ச் சோறு. மீசையில் தயிர்.

"அம்மா! இதுக்கு வேற எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"நான் எங்க கண்ணு குடுத்தேன்? முசக்கறிதான வெச்சுட்டு இருக்கறன்."

"இது என்ன? இது என்ன சாப்பாடு?"

"அது சாப்பாடு இல்ல. அது காக்காய்க்கு வெச்சது."

சரசு பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது சாப்பாடு இல்லை. அவள் அம்மாவுக்கு வைத்தது. டாக்டர் பத்து நிமிடம் பேசியது எனக்கு ஒரு வரியாக வந்தது. அவளுக்கு அரை வரியாகப் போயிருந்தது.

"நாப்பத்தோரு நாள் வேஸ்ட்! எல்லாம் வேஸ்ட்! பால், கோழி, நெய்... எல்லாம் தின்னிருக்கு. நீங்க ரெண்டு பேரும் சேந்து இதக் கொல்லப் போறீங்க."

சரசு தட்டைப் பார்த்தாள். பூனையைப் பார்த்தாள்.

"அப்ப இத்தன நாளும் எங்கம்மா சாப்பிடலீங்களா?" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

கவிதாவுக்குப் பாதி புரிந்தது. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சரசு சமையலறைக்குள் போனாள். அவள் அன்று சாப்பிடவில்லை.

பெப்பர் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பின்னங்காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறிந்தது. பனியன் கழுத்து ரிப்பில் ஒரு இழை விட்டது.

சாயங்காலம் கவிதா வெளியே வந்தாள். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி மேலே ஒன்று என்று போட்டாள்.

"மறுபடி மொதல்ல இருந்து. டாக்டர்கிட்ட ஃபோன் பண்ணிட்டேன்."

"சரி."

"ஊர்ல நீங்க பூன வளத்திருக்கீங்களாப்பா?"

"கம்பெனியில ஒண்ணு இருந்துச்சு."

"அதுக்கு இந்த மாதிரி அரிப்பு இருந்ததா?"

"இருந்துச்சு."

"என்ன பண்ணீங்க?"

"குளிப்பாட்டுனேன்."

"சரியாச்சா?"

"இல்ல."

அவள் நோட்டை என்னிடம் கொடுத்தாள்.

6

பால்கனித் துவாரத்தைப் பலகை வைத்து அடைத்தேன். சரசு தட்டை வைத்தாள். இரண்டு நாள் சோறு அப்படியே காய்ந்தது. காக்கை எதிர்க் கட்டடத்தில் உட்கார்ந்து பார்த்தது. வரவில்லை. சரசு இரண்டு நாளும் தண்ணீர் மட்டும் குடித்தாள்.

"சாப்பிடு" என்றேன்.

"அது எடுக்காம நான் எப்படிங்க?"

"பூன எடுத்தப்ப சாப்பிட்டியே?"

"அது தெரியாமீங்க. இப்ப தெரிஞ்சு போச்சுங்களே."

மூன்றாம் நாள் கீழ் வீட்டுக்காரரின் புகாரின் பேரில் வீட்டை வாடகைக்குக் கொடுத்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பால்கனியில் உணவு வைக்கக் கூடாது, எலி வரும். கவிதா வாசித்துக் காட்டினாள். சரசு கடிதத்தை வாங்கி நான்காக மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

கிடங்கில் கேட்டு, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை வேலைக்கு மாறிக்கொண்டேன். காலையில் தட்டை நான் எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போனேன். பத்து நிமிட நடை. ஊர் சனம் பார்க்கும். பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறார்கள். கரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். சில நாள் வாத்து வரும். சில நாள் கடல் காக்கை வரும், வெள்ளையாக, பெரியதாக. காக்கை என்று பெயர் இருக்கிறதே, போதும் என்று நினைத்துக்கொள்வேன். திரும்பி வந்தால் சரசு கதவிலேயே நிற்பாள்.

"எடுத்துதுங்களா?"

"எடுத்துச்சு."

பிறகு சாப்பிடுவாள்.

ஒரு நாள் விடாத மழை. குடையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நின்றேன். ஒரு பறவையும் இல்லை. சோற்றில் தண்ணீர் சேர ஆரம்பித்தது. அன்று பருப்பும் நெய்யும். வீட்டில் சரசு பட்டினி. தட்டைக் கையில் எடுத்தேன். நின்றபடியே நான் சாப்பிட்டேன். பசி இல்லை.

"எடுத்துதுங்களா?"

"எடுத்துச்சு."

அது பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. பருப்புச் சோறு அத்தைக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும் என்று அவர் முதல் தீபாவளிக்கு ஒரு குண்டா நிறையப் பிசைந்து வைத்தார். அதற்குப் பிறகு மழை நாட்களில் அப்படியே செய்தேன். மொத்தம் ஏழு நாள்.

வீட்டில் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் முப்பத்தேழு. முப்பதாம் நாள் இருபத்தெட்டு. ஐம்பத்தாறாம் நாள் இருபத்து நான்கு. வயிற்றில் பஞ்சு மாதிரி முடி முளைத்தது. கழுத்து அப்படியே இருந்தது.

7

ஆகஸ்டில் கவிதா போனாள். இரண்டு பெட்டி. கிளம்பும்போது பெப்பரைத் தூக்கி, பனியனுக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு இந்த ஊர்ப் பாஷையில் என்னவோ சொன்னாள். நிறையச் சொன்னாள். எனக்குப் பாதி புரிந்தது. எங்களிடம் "வர்றேன்" என்றாள்.

சரசு ஒரு டப்பாவில் பருப்புப் பொடி கொடுத்தாள். அவள் அதைப் பெட்டியில் வைக்க இடமில்லை என்று கையில் எடுத்துக்கொண்டாள்.

டாக்டரிடம் இந்த முறை நான் தனியாகப் போனேன். எனக்குப் பயமாக இருந்தது. பெப்பரை மேசையில் விட்டேன். நோட்டைத் திறந்து வைத்தேன். டாக்டர் பக்கம் பக்கமாக விரல் வைத்துப் பார்த்தார். ஐந்து ஐந்தான கோடுகள். ஒரு நாள் விடவில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, சின்னச் சின்ன வார்த்தையாகப் பேசினார். எனக்குப் புரிய வேண்டும் என்று அப்படிப் பேசினார்.

குறையும். போகாது.

பாதி சாப்பாட்டால். பாதி வேறு எதனாலோ. தூசியாக இருக்கலாம், புல்லாக இருக்கலாம், தெரியாது. முயல் கறியை நிறுத்த வேண்டாம். பனியனைக் கழற்ற வேண்டாம். உயிர் உள்ளவரை இப்படித்தான். கூடினால் கொண்டு வா.

ஊசி? என்று கையால் காட்டினேன்.

தலையை ஆட்டினார். இப்போது வேண்டாம்.

தூங்க வைப்பது பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பனியனைத் தடவிப் பார்த்தார். மடிப்பு வெளியே இருப்பதைப் பார்த்துச் சிரித்தார். இன்னும் இரண்டு பூனைகளுக்கு வேண்டும் என்றார். அளவு கேட்டு எழுதிக்கொண்டேன்.

வெளியே வந்து பேருந்துக்குக் காத்து உட்கார்ந்தேன். கூடையின் கம்பி வழியாகப் பெப்பர் என்னைப் பார்த்தது. பிறகு சொறிந்தது. அந்த வெள்ளைப் பூனையைப் பற்றி அதனிடம் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கவிதா ஃபோன் செய்வாள். ஏழு என்றால் நான் எண்ணி முடித்த நேரம். சரசு முதலில் பேசுவாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா. அங்கிருந்து ஆமாம், ஆமாம். பிறகு என் கையில் கொடுப்பாள். எங்களுக்குள் பேச வேறு எதுவும் இல்லை. அவளும் நலமா என்று கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை.

"எவ்வளவுப்பா?" என்பாள்.

சொல்வேன். அவள் அங்கே எழுதிக்கொள்கிறாள். பேனா ஓடும் சத்தம் கேட்கும்.

இன்றைக்கும் ஞாயிறு. காலையில் வாத்து வந்தது. சரசு சாப்பிட்டாள். ஆறு மணிக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஏழுக்கு ஃபோன் மணி அடித்தது.

"எவ்வளவுப்பா?"

இருபத்தொன்று.